டைட்டானிக்குக்கு 25 நாள் முன்னால்

கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்று. கரையோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு சரக்கு நீராவிக் கப்பல், ராங் சைடில் பார்க் பண்ணின லாரி மாதிரி சங்கடமாக நிற்கிறது. புகைபோக்கியிலிருந்து இன்னும் புகை! தான் முடிந்துபோன விஷயம் பாவம் அதற்குத் தெரியாது.

பெயர் 'சிட்டி ஆஃப் கார்டிஃப்'. பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து வேல்ஸுக்குப் போகிற கப்பல். போகிற வழியில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான 'லேண்ட்ஸ் எண்ட்'டைச் சுற்றியாக வேண்டும். ஊர் பெயரே 'நிலம் முடிகிறது' என்று எச்சரிக்கிறது! 1912 மார்ச் 21-ம் தேதி. புயல் காற்று கப்பலைக் கரைப்பக்கமே தள்ளியது. எஞ்சினுக்கும் காற்றுக்கும் நடந்த சண்டையில் காற்று ஜெயித்தது. நான்ஜிஸல் என்ற சின்ன விரிகுடாவில் பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கப்பலில் மாலுமிகள் மட்டுமில்லை. கேப்டனின் மனைவியும் மகனும் இருந்தார்கள்.

காப்பாற்றியது என்ன தெரியுமா? ஒரு கால்சட்டை! விளையாட்டில்லை. கரையிலிருந்து ராக்கெட் விடுவார்கள். அதன் வாலில் மெல்லிய கயிறு. கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தடிமனான வடம் வரும். பாய்மரத்தில் கட்டிவிட்டால் ரூட் ரெடி. அதில் ஒரு மிதவை வளையத்தைத் தொங்கவிடுவார்கள். வளையத்தில் கெட்டித் துணியில் தைத்த அரை டிராயர். காலை நுழைத்து உட்கார வேண்டியது, கரையில் இருப்பவர்கள் இழுக்க வேண்டியது. ஒரு நடைக்கு ஒரு ஆள். கீழே கொந்தளிக்கும் கடல். 1912-ல், அந்தக் கேப்டனின் சம்சாரம் பாவாடையோடு அந்த டிராயரில் உட்கார்ந்து வந்திருக்கிறார். உயிர் முக்கியமா, ஃபேஷன் முக்கியமா?

அத்தனை பேரும் பிழைத்தார்கள். கப்பல்தான் தேறவில்லை.

படம் எடுத்தது கிப்ஸன் குடும்பம். பக்கத்து ஸில்லி தீவுகளைச் சேர்ந்தவர்கள். தாத்தா, அப்பா, பிள்ளை, பேரன் என்று நான்கு தலைமுறை. 200-க்கும் மேல் கப்பல் விபத்துகள். கண்ணாடித் தகடுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுக்க ஆரம்பித்த பரம்பரை. நம்மை மாதிரி செல்போனில் நாற்பது தட்டி, முப்பத்தொன்பதை அழிக்கிற ஜோலியெல்லாம் இல்லை. 2013-ல் அந்தச் சேகரிப்பை கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் 1,22,500 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

இந்த விபத்து நடந்த 25-வது நாள், ஏப்ரல் 15-ம் தேதி, டைட்டானிக் மூழ்கியது. சுமார் 1,500 பேர் போனார்கள். அந்தக் கப்பலுக்கு சினிமா, பாட்டு, பதினோரு ஆஸ்கர். சிட்டி ஆஃப் கார்டிஃபுக்கு? ஒரு போட்டோ. காரணம் சிம்பிள்: யாரும் சாகவில்லை.

ஆபீஸிலேயே பாருங்களேன். ஃபைலைத் தொலைத்தவனைப் பற்றி மூன்று மாதம் பேசுவார்கள். தொலையாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு டீ கூடக் கிடையாது.

பாறை மேல் நின்று, நனைந்த கையோடு வடம் இழுத்தவர்களும் அந்த ஜாதிதான். இழுத்து முடித்ததும் வீட்டுக்குப் போய்த் தலை துவட்டியிருப்பார்கள். எனக்கென்னவோ, டைட்டானிக்கை ஆறு தடவை பார்த்தவர்கள் இந்தப் போட்டோவை ஒரு தடவையாவது பார்க்கலாம் என்று தோன்றுகிறது. டிக்கெட் கிடையாது, கர்ச்சீப்பும் வேண்டாம்.