கழுத்து வரி

வரின்னதும் டாக்ஸ் மேட்டர்னு நினைச்சு ஓடிடாதீங்க மக்களே. இது படிக்கிற வரி. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அதைப் படிச்சுக் காட்டினா கழுத்து தப்பிக்கும்.

பென் ஜான்சன் கேள்விப்பட்டிருப்பீங்க. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர். 1598 செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டன் வயல்வெளியில் இவருக்கும் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகருக்கும் வாள் சண்டை. ஜான்சனின் வாள் ஸ்பென்சரின் வலது விலாவில் ஆறு அங்குலம் இறங்கியது. ஆள் அங்கேயே காலி. ஸ்பென்சரும் லேசுப்பட்டவர் இல்லை. 1596-ல் அவரும் ஒருத்தரை வாளால் கொன்றவர்தான்.

அக்டோபரில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை. ஜான்சன் குற்றத்தை ஒத்துக்கொண்டார். சட்டப்படி தூக்கு. ஆனா அவர் புத்தகத்தைக் கேட்டார், வாசித்தார், தப்பித்தார்! கட்டைவிரலில் ஒரு சூடு, அவ்வளவுதான்.

எப்படி? பாதிரியார்களை அரசு நீதிமன்றம் தண்டிக்கக் கூடாதுன்னு பழைய சலுகை ஒண்ணு இருந்தது. நாளடைவில், வாசிக்கத் தெரிஞ்ச ஆம்பளை எல்லாருமே பாதிரியார் கணக்கில் வந்துட்டாங்க. வழக்கமா வாசிக்கச் சொன்னது, கடவுளிடம் இரக்கம் கேட்கும் 51-ம் சங்கீதத்தின் தொடக்கம். அதுக்குத்தான் கழுத்து வரின்னு பட்டப்பெயர். திட்டமிட்ட கொலைக்கு இந்தச் சலுகை கிடையாது, சண்டையில் நடந்த கொலைக்கு உண்டு. அதுவும் ஒரு தடவைதான். மறுபடி வந்து கேட்கக் கூடாதுன்னுதான் அந்தச் சூடு.

இதை ரொம்பப் பேர் ஜாலியான கதையா சொல்றாங்க. "படிப்பு உயிரைக் காப்பாத்திச்சு பாரு"ன்னு. எனக்கென்னவோ சிரிப்பு வரலை. காரணம் ஒரு சின்னக் கணக்கு.

குற்றப்பத்திரிகையில் ஜான்சனின் வாளுக்கு விலை போட்டிருக்காங்க, மூணு ஷில்லிங். அதாவது 36 பென்னி. அன்றைய சட்டத்தில் 12 பென்னிக்கு மேல் திருடினாலே தூக்கு. ஆக, படிக்கத் தெரியாத ஒருத்தன் அந்த வாளைத் திருடியிருந்தா சட்டம் அவன் கழுத்தைக் கேட்டிருக்கும். படிச்சவன் அதே வாளால் ஆளையே கொன்னா கட்டைவிரலில் சூடு. திருடினது பெண்ணா இருந்தா நிலைமை இன்னும் மோசம். வாசிக்கத் தெரிஞ்சாலும் சலுகை இல்லை. 1624-ல்தான் சின்னத் திருட்டுகளுக்கு மட்டும் பெண்களுக்கு வழி விட்டாங்க.

"அந்தச் சட்டம் இல்லேன்னா வோல்போனி, தி ஆல்கெமிஸ்ட் மாதிரி நாடகங்கள் கிடைச்சிருக்குமா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஜான்சன் ஒண்ணும் பிரபு வீட்டுப் பிள்ளையும் இல்லை. கொத்தனார் வளர்த்த பையன், அவரும் கரண்டி பிடிச்சவர்தான். அவர் பிழைச்சதில் எனக்கு வருத்தமே இல்லை. தூக்கே வேண்டாம்கிற கட்சி நான். ஆனா இரக்கம் காட்ட நினைச்ச சட்டம், அதைப் போயும் போயும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறதோட முடிச்சுப் போட்டதே, அதைத்தான் ஜீரணிக்க முடியலை.

வாசிப்புத் தேர்வை 1706-ல் எடுத்தாங்க. சலுகையே 1827-ல் ஒழிஞ்சது. அதுக்குள்ள வாசிக்கத் தெரியாமலே தூக்குமேடை ஏறினவங்க எத்தனை பேரோ. அவங்க யாரும் நாடகம் எழுதலை, அதனால நமக்குப் பேரும் தெரியலை.

எழுத்தைக் கட்டிக்கிட்டு அழுற நாமதான் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். என்ன சொல்றீங்க?

டிஸ்கி: ஜான்சன் 1637-ல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். தூக்குமேடையில் முடிஞ்சிருக்க வேண்டிய ஆளு!