துறைமுகத்துப் பள்ளிக்கூடம்

போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். என் அக்காள் அங்கேதான் குடும்பமாக இருக்கிறார். அவர் மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் மாமா என்று கிளப்பிக்கொண்டு போனவன், டோபி காட் நிலையத்தில் வண்டி மாற வேண்டும் என்றான்.

பெயரைப் பாருங்கள், டோபி காட். துணி வெளுப்பவர்களின் துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துத் திடலில் காயப்போட்டார்களாம். இன்று ஓடையும் இல்லை, கொடியும் இல்லை. பூமிக்கு அடியில் மூன்று ரயில் தடங்கள் கூடுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் இருந்து வந்த எனக்கு அந்த மின்படிகளில் இறங்கும்போதே தலை சுற்றியது.

"இங்கேயிருந்து ரெண்டாவது ஸ்டேஷன் ஃபேரர் பார்க், மாமா. எனக்குத் தமிழ் வகுப்பு அங்கேதான், உமறுப் புலவர்ல" என்றான். அவன் பள்ளியில் தமிழ் சொல்லித் தருவதில்லை. அதனால் பள்ளி முடிந்தபின் பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறான்.

"உமறுப் புலவர் யார் தெரியுமா தம்பி?"

"அது சென்டர் பேரு, மாமா."

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? வண்டியை விட்டுவிட்டு அங்கேயே ஓர் ஆசனத்தில் அவனை உட்கார வைத்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கடையநல்லூர் என்றோர் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அன்று திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. நெசவு செய்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள், தறி சோறு போடாமல் போன காலத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின. ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் மசாலை இடித்தும் அரைத்தும் நாலு காசு சம்பாதித்தார்கள். ஆக, மலையடிவாரத்து ஜனங்கள் கடலோரத்து ஜனங்கள் ஆனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு வந்த தமிழரில் பெரும்பாலோர் தனி ஆட்கள். சம்பாதித்து ஊருக்கு அனுப்புவார்கள், பிறகு தாங்களும் போய்விடுவார்கள். கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களோடு வந்தவர்கள். பிள்ளைகள் கண்ணெதிரே தெருவில் நின்றால்தானே பள்ளிக்கூடத்தின் நினைப்பு வரும்?

1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். மூன்றரை ஆண்டு அவன் ஆட்சி. அந்தக் காலத்தைப் பற்றி நம் தோட்டங்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சயாம் ரயிலுக்கு ஆள் கொடுக்காத லயம் உண்டா? 1945 செப்டம்பரில் அது முடிந்தது. மறு ஆண்டே, 1946-இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள்! வயிறு நிறையாத நாளில் பள்ளிக்கூடம் கட்ட நினைத்த மனத்தை என்னவென்று சொல்வது?

நம் தோட்டத்துப் பள்ளிகளின் கதை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரை வேண்டாவெறுப்பாக ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். தஞ்சோங் பகாரில் துரையும் இல்லை, கட்டாயமும் இல்லை. அது பணக்காரர்களின் சங்கமும் அல்ல. மூட்டை சுமந்தவர்களும் மிளகாய் இடித்தவர்களும் சேர்ந்த சமூகம்.

பெயர் வைத்த அழகையும் சொல்ல வேண்டும். நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் உமறுப் புலவர். 17-ஆம் நூற்றாண்டுக்காரர். அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக் கடலோரத்து வணிகர். மார்க்கத்தையும் தமிழையும் ஒரே பெயருக்குள் வைத்துவிட்டார்கள் அல்லவா! ஆனாலும் பள்ளியின் வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது. 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரிலேயே தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி கொடுத்த ஒரே பள்ளி அதுதான். மற்றத் தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள், இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும், அங்கே வந்து படித்தார்கள்.

"அப்புறம் ஏன் மாமா மூடினாங்க?"

கேட்டுவிட்டான். எல்லாரும் அரசாங்கத்தைச் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. ஆங்கிலம் படித்தவனுக்கு வேலை என்றானபின் பெற்றோர்களே ஆங்கிலப் பள்ளியைத் தேடிப் போனார்கள். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக 1982-இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடியது. 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. தமிழ், தாய்மொழிப் பாடமாக நின்றது. மூடிய மறு ஆண்டே, 1983-இல், அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் வந்தது. இவன் படிப்பது அங்கேதான்.

அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் தோட்டப் பள்ளியில் இப்போது பதினான்கு பிள்ளைகள். தோட்டத்து ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களைத் தேடிப் போய், பிள்ளையை நம் பள்ளியில் சேருங்கள் என்று கேட்கிறேன். போன ஆண்டு ஒரு தாய் முகத்துக்கு நேரே கேட்டார்: "சார் மகள் எங்கே படிக்குது?" என் இளைய மகள் பட்டணத்தில் தேசியப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டுக்குப் பக்கம், பேருந்து வசதி என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அந்த அம்மாளிடம் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. பாயைச் சுருட்டியதுபோல் எழுந்து வந்துவிட்டேன்.

இதை மருமகனிடம் சொல்லவில்லை. வாசகர்களாகிய உங்களிடம் மறைப்பானேன்?

ஆர்ச்சர்ட் சாலை கடைத்தெருவைக் காட்டத்தான் அவன் என்னை அழைத்து வந்தான். கதை முடிந்ததும், "கடல் பக்கம் போவோமா மாமா?" என்றான். வண்டி மாறித் தஞ்சோங் பகாரில் இறங்கி நடந்தோம். மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தெரு. கடையநல்லூர் தெரு என்றே பெயர். பெயர்ப்பலகை ஆங்கிலத்தில் இருந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கைத்தொலைபேசியில் படம் எடுத்தான். கடல் எங்கே என்று தேடினேன். கரையை மண்கொட்டித் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டார்கள். உயரமான கட்டடங்கள்தாம் கண்ணுக்குத் தெரிந்தன.

"தமிழ்ல இதை எப்படி எழுதணும் மாமா, சின்ன ல-வா, பெரிய ள-வா?" என்று கேட்டான்.

சின்ன ல-தான், நல்லூரில் வருவது இரட்டை ல என்று அவன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன்.