கண்காணிக்கப்படுவது யார்?

கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகளைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலையில் பாதி. பெயர், வயது, எத்தனையாவது கர்ப்பம், ஹீமோகுளோபின் எவ்வளவு, எடை எவ்வளவு. அந்த வரிசையில் ஒரு சிறு கட்டமும் உண்டு: பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா. நிரப்பாமல் விட்டால் மாதக் கூட்டத்தில் திட்டு விழும். ஆனால் நிரப்பியதைக் கூட்டிப் பார்த்து, "எந்தத் தெருப் பெண்களுக்கு ரத்தசோகை தீரவே இல்லை?" என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

2018-20இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய அளவில் அது 97. அந்த வித்தியாசத்தில் எங்கள் கால்வலியும் இருக்கிறது, பெருமைதான். ஆனால் 54 என்பது சராசரி. ஊரையும் காலனியையும், சாலையோரத்தையும் மலைக்குடியிருப்பையும் ஒன்றாகக் கலக்கி எடுத்த எண். அதைத் தரும் மாதிரிப் பதிவுத் திட்டம் மாநிலவாரியாகச் சொல்லும், சாதிவாரியாகச் சொல்லாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ரத்தசோகையைச் சாதிவாரியாகத் தருகிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. பட்டியல் சாதிகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மேலும் அது உயிரோடிருப்பவர்களிடம் எடுப்பது. செத்தவள் எப்படிப் பதில் சொல்வாள்?

காலனிப் பெண் ஒருத்தி. இரண்டாவது பிரசவம், எட்டாம் மாதம். கால் வீக்கம், தலைவலி, ரத்த அழுத்தம் 150க்கு 100. நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "இன்னும் நாள் இருக்கு, போயிட்டு வா" என்று எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் ஜன்னி கண்டது. 108 வண்டியிலேயே உயிர் போயிற்று.

பேறுகால மரண ஆய்வில் மூன்று தாமதங்களைத் தேடுவார்கள்: முடிவெடுப்பதில், வந்து சேர்வதில், சிகிச்சை கொடுப்பதில். அவளுக்கு முதலாவதைக் குறித்தார்கள். காரணம்: குடும்பத்தின் அறியாமை. "நாலு நாளுக்கு முந்தியே வந்தாளே, சார்" என்றேன். "ஓ.பி. சீட்டு இருக்கா?" என்றார்கள். இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். அவள் மாமியார் பிறகு கேட்டார், "நர்ஸம்மா, நாங்க வந்தோமே, அதை எழுதலையா?"

கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் 12 இலக்க எண் கொடுத்திருக்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கு அந்த எண் வேண்டும். எந்த வாரம் வந்தாள், எந்த வாரம் வரவில்லை என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. அவளைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு என்ன எண்? பிரசவ வார்டில் யாரை அதட்டினார்கள், யாரைக் காக்க வைத்தார்கள் என்பதற்கு எந்தக் கட்டம்? ஏழைப் பெண்ணைக் கண்காணித்துவிட்டு, அதையே ஏற்றத்தாழ்வைக் கண்காணிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

"ஆஸ்பத்திரியில் போய் ஜாதி பார்க்கலாமா?" என்று நல்லவர்களே கேட்கிறார்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள், அம்மா. பார்ப்பது நோயாளிக்குத் தெரியும். பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியாது. "மாவட்டத்தில் சாவே கொஞ்சம்தான், அதைச் சாதிவாரியாகப் பிரித்தால் கணக்கு நிற்காது, அடையாளமும் வெளிப்பட்டுவிடும்" என்பது அடுத்த வாதம். நியாயமான கவலை. ஆனால் மாநில விகிதத்தையே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தானே சொல்கிறார்கள்? அதேபோல ஆண்டுகளைச் சேருங்கள், மாவட்டங்களைச் சேருங்கள், பெயரை எடுத்துவிடுங்கள். வழி இருக்கிறது.

கண்காணிப்பை ஒரு சுற்றாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்: எதை அளப்பது என்று தீர்மானி, தரவு எடு, பிரித்துப் பார், வெளியிடு, திட்டத்தை மாற்று. நாம் தரவு எடுப்பதிலேயே நின்றுவிட்டோம்.

நான் கேட்பது பெரிதல்ல. ஏற்கெனவே நிரப்பிய கட்டங்களைச் சாதிவாரியாகவும் தூரம்வாரியாகவும் கூட்டி ஆண்டுதோறும் வெளியிடுங்கள். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் காரணம் எழுதிய சீட்டைக் கொடுங்கள். மரண ஆய்வின் முடிவை அவள் வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் மறுப்பு சொன்னால் அதையும் எழுதுங்கள். அன்று இதெல்லாம் இருந்திருந்தால், "அறியாமை" என்ற சொல்லின் கீழ் நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.