ஆறாமவருக்கும் கணக்கில் இடமுண்டு

விளையாட்டு வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் முதலிடம் பெற்றவரின் பெயரை எழுதியவுடன் எழுதுகோலை மூடி வைத்துவிடுகின்றனர். நம் கல்லூரிகளின் நிலையும் இதுவே. பொற்பதக்கம் பெற்ற ஒருவரின் பெயர் பலகையில் பொறிக்கப்படுகிறது. அவரோடு வியர்வை சிந்திய மற்றையோர் ஆண்டறிக்கையில் "மற்றும் பலர்" ஆகிவிடுகின்றனர். இவ்வழக்கம் முறைதானா என்று எண்ணிப் பார்க்க விழையும் நமக்கு, 'கிராஸ் கன்ட்ரி' எனப்படும் திறந்தவெளி ஓட்டத்தின் சர்வதேசப் போட்டி ஒரு நல்ல சான்றாக அமைகிறது.

1903-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஸ்காத்லாந்தின் ஹாமில்டன் குதிரைப் பந்தயத் திடலில் இப்போட்டி தொடங்கிற்று. இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, வேல்சு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த அயர்லாந்து ஆகிய நான்கு மட்டுமே கலந்துகொண்டன. 'சர்வதேசம்' என்னும் சொல் அன்று அவ்வளவு சிறியதாக இருந்தது! தனிவெற்றி ஆல்பிரட் ஷ்ரப் என்னும் ஆங்கிலேயருக்கு. 1907-இல் பிரான்சு சேர்ந்தது. அந்நாட்டின் ழான் பூவான் 1911 முதல் 1913 வரை மும்முறை வென்று, 1914-இல் போர்க்களத்தில் மாண்டார். இரு உலகப் போர்களின்போதும் போட்டி நின்றது. மகளிர்க்கென முறையான போட்டி வருவதற்கு 1967 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

இவ்வோட்டத்தின் சிறப்பு அதன் கணக்கிலேயே உள்ளது. முதலாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி, பத்தாவதாக வருபவருக்குப் பத்துப் புள்ளி. ஒரு நாட்டின் முதல் ஆறு வீரர்களின் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்த நாடே வெற்றி பெற்ற நாடு. ஒரு நாட்டார் முதல் மூன்று இடங்களையும் வென்று, மற்ற மூவர் நாற்பது, ஐம்பது, அறுபதாம் இடங்களில் வந்தால் கூட்டுத்தொகை 156. வேறொரு நாட்டார் ஒருவர்கூட முதல் ஒன்பதில் இல்லாமல் 10, 12, 14, 16, 18, 20 என்று வந்தால் 90. மூன்று பதக்கங்களும் முன்னவர்க்கு, வாகையோ பின்னவர்க்கு! சேறும் புல்லும் மேடும் பள்ளமும் நிறைந்த வழியில், எவரும் கைதட்டாத இடத்தில், நாற்பதாம் இடத்தை முப்பத்தொன்பதாக்கிக்கொள்ள மூச்சைப் பிடித்து ஓடுகின்றவரே பல வேளைகளில் தம் நாட்டின் வெற்றியைத் தீர்மானிக்கின்றார். ஜமாஅத் என்னும் சொல்லின் பொருளை அறிந்த நமக்கு இக்கணக்கு அந்நியமானதன்று.

இதனினும் கூர்மையான வேறொரு கேள்வியும் இங்கு எழுகிறது. யார், எந்த நாட்டின் கணக்கில் சேர்ந்தார்? 1949, 1952, 1954, 1956 ஆகிய நான்கு ஆண்டுகளில் இப்போட்டியில் வென்றவர் அலென் மிமூன். அல்ஜீரியாவில் அலி மிமூனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, இத்தாலியில் காலில் காயமுற்றவர். ஆயினும் அவர் ஓடிய ஓட்டமெல்லாம் பிரான்சின் கணக்கில் ஏறிற்று. அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962-இல்தான். பிரான்சை அவர் உளமார நேசித்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அல்ஜீரியாவுக்கென்று அப்போது ஒரு கணக்கே இல்லை என்பதும் உண்மையல்லவா?

மொரோக்கோ 1956-இல் விடுதலை பெற்றது. நான்கே ஆண்டுகளில், 1960-இல், போட்டி தொடங்கிய அதே ஹாமில்டனில் மொரோக்கோவின் ராதி பின் அப்துஸ்ஸலாம் முதலாவதாக வந்தார். ஆப்பிரிக்க நாடொன்றின் பெயரால் ஓடி இப்பட்டத்தை வென்ற முதல்வர் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி வென்றதை உலகம் இன்றும் பேசுகிறது. தீவட்டி ஒளியில் இறுதிக் கட்டம்வரை அவரோடு தோளுக்குத் தோள் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்ற ராதியை எத்தனை பேர் அறிவர்? 1966-இல் ரபாத் நகரிலும், 1968-இல் தூனிஸ் நகரிலும் போட்டி நடைபெற்றது. தூனிஸில் வென்றவர் அம்மண்ணின் மைந்தர் முஹம்மது கம்மூதி. அவ்வாண்டே மெக்சிகோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கமும் அவருக்குக் கிட்டியது.

1973 முதல் இப்போட்டி சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பின் பொறுப்பில் உலகப் போட்டியாயிற்று. அதன் வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுவது 1981-ஆம் ஆண்டு மத்ரீத் நகரில் நிகழ்ந்தது. எத்தியோப்பிய வீரர்கள் கூட்டமாக முன்னே சென்றனர். இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருக்க, அதுவே இறுதி எனக் கருதி முழு விசையுடன் பாய்ந்து ஓடி முடித்து நின்றுவிட்டனர்! பிழை உணர்ந்து மீண்டும் ஓடத் தொடங்குவதற்குள் பிறர் முந்திவிட்டனர். முஹம்மது கெதிர் விடாது விரட்டி முன்னிலையை மீண்டும் பிடித்தார். எனினும் முடிவில் அமெரிக்கரான கிரெய்க் வர்ஜின் வென்றார். ஆனால் ஆறு பேரின் இடங்களையும் கூட்டிப் பார்த்தபோது அணிப்பட்டம் எத்தியோப்பியாவுக்கே கிடைத்தது. களைத்து நின்றவர்கள் "எல்லாம் போயிற்று" என்று திடலை விட்டு அகன்றிருந்தால் அது கிடைத்திருக்குமா? மறு ஆண்டு ரோமில் கெதிரே வாகை சூடினார்.

பின்னர்க் கென்யாவின் காலம். 1986 முதல் 2003 வரை தொடர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆடவர் அணிப்பட்டம் அந்நாட்டுக்கே உரியதாயிற்று. 1988-இல் ஆக்லாந்தில் முதல் ஒன்பது இடங்களில் எட்டு கென்யருடையவை; கூட்டுத்தொகை 23 மட்டுமே.

அதன் பிறகு நேர்ந்தவை நமக்கு உவப்பானவையல்ல. ஆண்டுதோறும் நடந்த போட்டி 2011-க்குப் பின் ஈராண்டுக்கு ஒரு முறை என்றாயிற்று. கணக்கில் சேர்க்கும் வீரர்களும் ஆறிலிருந்து நால்வராகக் குறைந்தனர். சிறு அணிகளுக்கு அது எளிது என்பர், இருக்கலாம். ஆயினும் வெல்பவர்கள் ஆப்பிரிக்கர்களான பின்பு பழைய புரவலர்களின் ஆர்வம் குன்றியது தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

உலகக் கூட்டமைப்பை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கல்லூரிப் பலகை நம் கையில் உள்ளது. பல்கலைக்கழகத் திறந்தவெளி ஓட்டத்தில் நம் அணி அடுத்த முறை வெல்லும்போது, அதில் ஆறு பெயர்களுக்கும் இடம் விட்டு வண்ணம் தீட்டுமாறு உடற்கல்வித் துறையினரை வேண்டிக்கொள்கிறோம்.