ரிமோட் எங்கள் கையில், சானல் யார் கையில்?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "சீரியல் பிடிக்கவில்லை என்றால் ரிமோட்டை அமுக்கி வேறு சானல் மாற்றிக் கொள்ள வேண்டியதுதானே, எதற்குப் புலம்பல்?" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சகோதரிக்கு என் கேள்வி இதுதான். அமுக்கினால் அங்கே சானல் இருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் நாலு தடவை அமுக்கினால் மூன்று தடவை "இந்தச் சானலுக்கு நீங்கள் சந்தா செலுத்தவில்லை" என்றுதான் வருகிறது. மிச்ச ஒரு தடவை வருவதோ எனக்குப் புரியாத பாஷை.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சட்டம் தெரிந்தவள் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் பால், அரிசி, கேஸ், கரண்டு என்று கணக்கு எழுதுகிறவள். அந்தக் கணக்கில் கேபிள் காசு மட்டும் எனக்கு ஒரு நாளும் பிடிபட்டதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விசாரித்து, படித்துத் தெரிந்து கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் அம்மா சொல்வார், அவர் காலத்தில் ஒரே தூர்தர்ஷன்தான். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம், மற்ற நேரமெல்லாம் டில்லியிலிருந்து வரும் இந்தி. பிடிக்கிறதோ இல்லையோ அதுதான். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டி.வி. வந்த பிறகு தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் தொங்கியது. 1995ல் கேபிளுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது.

அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2003 செப்டம்பர் 1ல் ஒரு கூத்து நடந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கட்டணச் சானல் வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் இலவசச் சானல்களோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நாலு பெருநகரத்துக்கும் சேர்த்துச் சொன்ன திட்டம்தான். டில்லி, பம்பாய், கல்கத்தா மூன்றும் தப்பித்துக் கொண்டன. உடனே நடைமுறைக்கு வந்தது நம்ம சென்னையில் மட்டும்! இலவசச் சானல்களுக்கு மாதம் 72 ரூபாய், வரி தனி. பெரும்பாலான வீடுகளில் பெட்டியே வாங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கூட வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் படுத்துக் கொண்டோம். "நீங்களே தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்" என்று அரசாங்கம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கக் கையில் காசு வேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை.

பிறகு 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தது. 2017ல் அரசு கேபிள் வீடுகளுக்கு இலவசப் பெட்டியும் கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் குடியிருக்கும் பக்கம் வருவது தனியார் ஒயர். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். கறிகாய் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கேபிளில் அது முடியாது. இந்தத் தெரு இன்னார், அந்தத் தெரு இன்னார் என்று ஏற்கெனவே பிரித்துக் கொண்டிருக்கிறார்கள். சானல் தேர்வு இருக்கட்டும், கேபிள்காரரையே நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். டிராய் என்கிற ஆணையம் இருக்கிறதே, டெலிபோனுக்கும் டி.வி.க்கும் அதுதான் சட்டாம்பிள்ளை. 2017ல் ஒரு புதுக் கட்டண முறை எழுதினார்கள். விஜய் டி.வி.யும் அதன் தாய் நிறுவனம் ஸ்டாரும் இதை எதிர்த்து நம் சென்னை ஹைகோர்ட்டுக்குத்தான் போனார்கள். இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதியிடம் போய், கடைசியில் 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சரி என்றது. 2019 பிப்ரவரி 1 முதல் அமல். "வேண்டிய சானலுக்கு மட்டும் காசு கொடுங்கள்" என்று விளம்பரம். நியாயமாகத்தான் கேட்டது. எனக்கே சந்தோஷம். விளையாட்டுச் சானல், இங்கிலீஷ் படச் சானல் எல்லாம் தள்ளிவிட்டால் பில் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன்.

நடந்தது வேறு. முதலில் ஒயருக்கென்றே 130 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 153 ரூபாய் 40 காசு. இதற்கு 100 சானல். அந்த நூறில் தூர்தர்ஷன் குடும்பம் மட்டும் ஏறக்குறைய இருபத்தைந்து கட்டாயம் (2020ல்தான் அதைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள்). காஷ்மீரி உண்டு, உருது உண்டு. அந்த மொழிக்காரர்களுக்கு அது வேண்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூலக்கொத்தளத்தில் என் அத்தைக்கு எதற்கு? 1939ல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போய் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் எங்கள் மூலக்கொத்தளம் இடுகாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் நாங்கள் கடைக்குப் போய் வருகிறோம். அவர்கள் இருக்கிற ஊரில், புரியாத பாஷையில் வரும் சானலை நூறில் ஒன்றாக எண்ணி என்னிடம் காசு வாங்கினார்கள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

சரி, 130 ரூபாய்க்கு மேல் நமக்கு வேண்டியதைச் சேர்க்க வேண்டும். அப்போது போட்ட விலை, சன் டி.வி. 19 ரூபாய், கே டி.வி. 19, விஜய் 17, ஜீ தமிழ் 10. சன்னும் கே டி.வி.யும் தனித்தனியாக வாங்கினால் 38. ஆனால் அந்த இரண்டோடு இன்னும் சிலவற்றைக் கட்டிக் கொடுக்கும் தொகுப்பு 40 ரூபாய்! யாராவது தனியாக வாங்குவார்களா? காசிமேட்டில் மீன் வாங்கப் போனவர்களுக்கு இது புரியும். கூறு கட்டி வைத்திருப்பார்கள். மேலே நாலு நல்ல மீன், அடியில் நொந்தது. "தனியா குடும்மா" என்றால் நாலு மீனுக்கே கூறு விலை சொல்வார்கள். வேறு வழியில்லாமல் கூறையே வாங்கி வருவோம். சானலும் இப்போது கூறு வியாபாரம்தான். மீன்காரம்மாவிடமாவது பேரம் பேசலாம்.

கூட்டிப் பாருங்கள். 130, 40, 17, 10. வரியோடு 232 ரூபாய்க்கு மேல். இதற்கு முன்னால் நான் இருநூறுக்குள் கொடுத்து, இதைவிட அதிகச் சானல் பார்த்துக் கொண்டிருந்தேன். சிக்கனம் செய்யச் சொன்ன சட்டம் வந்து செலவைக் கூட்டிவிட்டுப் போனது.

பிறகும் சும்மா விட்டார்களா? 2020 ஜனவரியில் விதியை மாற்றினார்கள். தொகுப்பில் சேர்க்கும் சானல் விலை 12 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, 130 ரூபாய்க்கு 200 சானல் என்று. நல்ல திருத்தம். உடனே சானல்காரர்கள் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். இழுத்து இழுத்து, 2022 நவம்பரில் டிராய் மறுபடியும் 19 ரூபாய் என்று பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் புது விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் கம்பெனிகளுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் ஒளிபரப்பையே நிறுத்தி, நாட்டின் பல பகுதிகளில் வீடுகளில் திரை இருண்டது. காசு கட்டிய ஜனங்கள் நடுவில் மாட்டிக் கொண்டார்கள். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, கேபிள் கம்பெனிகளே கட்டணத்தை வைத்துக் கொள்ளலாம் என்றுவிட்டார்கள். இத்தனை மாற்றத்தில் ஒரு தடவையாவது வீட்டில் இருக்கிற பெண்களைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்களா? கருத்துக் கேட்கிறோம் என்று இங்கிலீஷில் கம்ப்யூட்டரில் போடுகிறார்களாம். எங்கள் தெருவில் யார் அதைப் படித்துப் பதில் எழுதுவது?

"இந்தக் காலத்தில் யாரம்மா டி.வி. பார்க்கிறார்கள், எல்லாம் போனில் வந்துவிட்டதே" என்று சிலர் கேட்பார்கள். போன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு நல்ல போன். அது காலையில் அவரோடு ஹார்பருக்குப் போய்விடும். சாயந்திரம் வந்தால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அதற்கு ரீசார்ஜ் தனி. எங்கள் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி, மாடிப்படி இறங்க முடியாது. அவருக்கு உலகம் என்பது அந்தப் பெட்டிதான். மத்தியானம் பழைய படம், சாயந்திரம் கோயில் நிகழ்ச்சி, ராத்திரி நாடகம். ஒரு மாதம் பணம் கட்ட நாலு நாள் தாமதமானதற்கு எல்லாம் நின்று போனது. அத்தை வெறும் நீலத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "போட்டுப் பாரும்மா, வருதா பாரு" என்று நாள் முழுக்க என்னைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்தது. அரசு கேபிளில் 200ஆம் நம்பர். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது அதில்தான் பாடம். என் மூத்த பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் இணைப்பில் அந்தச் சானல் முதலில் வரவே இல்லை. கேபிள்காரத் தம்பியைக் கேட்டால், "மேல இருந்து வரலக்கா, நான் இன்னா பண்றது" என்றார். அரசு கேபிள் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்கு, முகக்கவசம் போட்டு, தள்ளி உட்காரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பினேன். மாதக் கணக்கில் நான் காசு கட்டியது எந்தெந்தச் சானலுக்கோ. பிள்ளைக்குப் பாடம் சொல்லும் சானல் மட்டும் இல்லை.

மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் டிஷ் ஒன்று இருக்கிறது, ஃப்ரீ டிஷ் என்று 2004லிருந்தே நடக்கிறது. வாங்கலாமா என்று விசாரித்தேன். அதில் வருவது பெரும்பாலும் இந்தி. நாங்கள் பார்க்கிற சன், விஜய், ஜீ தமிழ் கிடையாது. முன்பு மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்தால் தூர்தர்ஷனாவது கிடைக்கும். அந்தக் கோபுர ஒளிபரப்பையும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் தமிழ்ச் சானல் வசந்தத்தை ஆன்டெனா வைத்தே காசில்லாமல் பார்க்கிறார்கள். அங்கே டி.வி. லைசென்ஸ் கட்டணத்தையும் 2011ல் எடுத்துவிட்டார்கள். தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிற தேசத்தில் இலவசம், தமிழ்நாட்டில் தமிழ்ச் சானலுக்குக் கட்டணம்!

சீரியல்களைப் பற்றி எனக்கும் குறை உண்டு. மாமியார் மருமகள் விஷம் வைப்பதைத் தவிர வேறு கதை தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அது வேறு பஞ்சாயத்து, இன்னொரு நாள் பேசலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரசீது வேண்டும். ரேஷன் கடையில் கூட பில் வருகிறது, கேபிளுக்கு மட்டும் சின்ன நோட்டில் டிக் அடித்துக் கொண்டு போகிறார்கள். எந்தச் சானலுக்கு எவ்வளவு, ஒயருக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். டிராய் விதியிலேயே வாடிக்கையாளருக்கு விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் தர வேண்டும் என்று இருக்கிறது. புகார் சொல்வதற்கான போன் நம்பரை 999ஆம் சானலில் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. தோழிகளே, இன்றைக்கே ரிமோட்டில் 999 அமுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நம்பர் வருகிறது. மூன்று நாள் முயற்சி செய்தேன், பாட்டுத்தான் கேட்டது.

தொகுப்புக்குத் தள்ளுபடி தருவதில் இப்போது 45 சதவீதம் வரைதான் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதை இன்னும் குறைக்க வேண்டும். கூறு விலைக்கும் தனி விலைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் வரை தனியாக வாங்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். அந்தந்த மாநிலத்து அரசின் கல்விச் சானலை எல்லாத் தனியார் கேபிளிலும் கட்டாயம் ஆக்க வேண்டும். தூர்தர்ஷனைக் கட்டாயமாக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

போன மாதம் கேபிள்காரத் தம்பி வந்தபோது, எங்களுக்கு வேண்டிய சானல்களை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் ஒன்பது. இலவசமாக வருகிற செய்திச் சானல்களை அதில் சேர்க்கவில்லை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி யாருமே கேட்டதில்லையேக்கா" என்று மடித்துப் பையில் வைத்துக் கொண்டார். இன்னும் பதில் இல்லை. இந்த மாதமும் அதே முழுத் தொகுப்பு, அதே 300 ரூபாய். உங்கள் பகுதியில் யாராவது இப்படி எழுதிக் கொடுத்து, கேட்ட சானல் மட்டும் வந்து, பில்லும் குறைந்திருந்தால் தயவு செய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எப்படிக் கேட்டீர்கள் என்று நானும் தெரிந்து கொள்கிறேன்.

— ஒரு வாசகி, மூலக்கொத்தளம், சென்னை.