1979 சரியா, 1947 சரியா?

நாடு சுதந்திரம் அடைய இரண்டு மாதம்கூட இல்லை. 1947 டிசெம்பர் 10. இரத்மலானையிலிருந்து கிளம்பியது எயர் சிலோனின் டக்கோட்டா விமானம். போன இடம் சென்னை. நேராகப் போகவில்லை நண்பர்களே! காங்கேசன்துறை விமான நிலையத்தில், அதாவது எங்கட பலாலியில் இறங்கித்தான் போனது. தேசிய விமான சேவையின் முதல் பயணமே அதுதான்.

போன தவணை பொது அறிவுப் போட்டியில் "இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கிய ஆண்டு?" எண்டு கேட்டினம். 1979 எண்டு எழுதினவைக்குத்தான் புள்ளி! அது எயர் லங்கா தொடங்கிய ஆண்டு. (1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கிய பிறகுதான் 'ஸ்ரீலங்கன்' என்ற பெயர் வந்தது.) எயர் லங்கா புது நிறுவனம்தான். அதன் வயதைக் கேட்டால் 1979 சரி. நாட்டின் விமான சேவையைக் கேட்டால், அதற்கு முன் முப்பது வருடம் பறந்த எயர் சிலோன் யாருடையது? அரசாங்கம் தொடங்கியதுதானே!

கேள்வியைத் திருத்துங்கோ, இல்லாவிட்டால் 1947க்கும் புள்ளி போடுங்கோ. இதுவே என் கருத்து.

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து இந்தியாவின் அலையன்ஸ் எயர் வந்து இறங்கியது. நாங்களும் ஏதோ புது வழி திறந்த மாதிரித்தான் கதைத்தோம். அது பழைய வழிதானே!