ஒரு செமஸ்டர் நிண்டால் என்ன?

2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை நாங்கள் எழுதினது 2022 பெப்ரவரியில். பிறகு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பு. யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ, கலைப்பீடத்துக்குள் போன பிறகும் 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், இரண்டு மாதத்துக்கு மேல் எல்லாம் முடக்கம். இவ்வளவு காலம் போனதுக்கு உவர்மலையிலோ உட்துறைமுக வீதியிலோ ஒருத்தரும் எங்களைக் குறை சொல்லவில்லை. "நாட்டு நிலைமை, என்ன செய்யிறது" என்றார்கள்.

எங்களில் ஒருத்தி நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல், "ஒரு செமஸ்டர் நிண்டுட்டுப் போறன்" என்று திருகோணமலைக்கு வந்து இறங்கினால் மட்டும் கதை வேற. "கம்பஸ விட்டுட்டாளாம்." "காதல் பிரச்சினையோ?" டெங்கு என்றால் மாமிமாருக்கு விளங்கும். அதனால்தான் பலர் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிக்கினம். (எத்தனை காய்ச்சல்தான் வாறது!)

சொல்லாமல் விட்டால் நட்டம் பெரிசு. மெடிக்கல் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் ரிப்பீட். பிறகு எவ்வளவு நல்லா எழுதினாலும் பல இடங்களில் 'சி'க்கு மேல் கிடைக்காது, கிளாஸும் போயிரும். இதுக்குப் பயந்துதான் உடைஞ்ச மனசோட மண்டபத்தில் போய் இருக்கிறம். அதை மனத்தைரியம் என்று பாராட்டுறது எங்களுக்குப் பிடிக்கேல்ல.

விண்ணப்பம் கொடுத்து, மருத்துவ அறிக்கையோட படிப்பை இடைநிறுத்தி, அடுத்த பட்ச்சோட சேர வழி இருக்கு. முதலாம் வருசப் பிள்ளைகளுக்கு அதை முதல் வாரமே சொல்லித் தரவேணும், சீனியர்மாரான நாங்களும்தான். கதைக்க ஆள் இல்லாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு இரவிலயும் எடுக்கலாம்.